பூஜையில் வைத்த துப்பாக்கி

எங்கள் வீட்டுத் துப்பாக்கி சுடுமா சுடாதா என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரியும். சுடாது என்று ஊர் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. துப்பாக்கி நல்லதுதான், பிடித்திருந்த கைதான் சரியில்லை என்று அதிலும் ஒரு கட்சி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவன் தைரியத்தை எடை போடுவதற்கு என்ன வந்தது, நாக்குக்கு யாரும் வரி போடவில்லையே.

அவர்கள் சொல்கிற அந்தக் கை என் கணவருடையது. இப்போது அது இல்லை. மணிக்கட்டுக்கு மேலே வெட்டிவிட்டார்கள்.

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற வழியில், உள்ளே ஒதுங்கிய ஊர் எங்களுடையது. மாமனார் போட்ட ரைஸ் மில் ஒன்று உண்டு. அதை என் கணவர் பார்த்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். மில் நிற்கிற இடத்தில் பாதி தனக்கு வரவேண்டியது என்று என் கணவரின் பெரியப்பா மகன் தகராறு செய்துகொண்டிருந்தார். பங்காளிச் சண்டை எங்கள் பக்கத்தில் புதிதில்லை. பட்டா எங்கள் பேரில் இருந்தது, கோர்ட்டும் எங்களுக்குத்தான் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகுதான் மிரட்டல் ஆரம்பித்தது. மில் வாசலில் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் பேரில்தான் என் கணவருக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்தது.

வாங்கி வந்த நாளிலிருந்து அவர் அதை ஒரு தரம்கூடச் சுட்டதில்லை. எங்கே போய்ச் சுடுவது? வயலில் சுட்டால் கேஸ். தோட்டாவோ ரேஷன் சர்க்கரை மாதிரி வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுப்பது. "இடுப்புல இருக்குன்னு தெரிஞ்சாலே போதும், ஒரு பய கிட்ட வரமாட்டான்" என்பார். நானும் அதை நம்பினேன். நம்பாமல் வேறென்ன செய்ய?

தை மாதம், சம்பா அறுவடை முடிந்து மில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த நேரம். பொழுது சாய்கிற வேளையில் மில்லிலிருந்து பைக்கில் வந்தவரை வாய்க்கால் பாலத்தில் மறித்தார்கள். முகம் தெரியாத ஆட்கள். அவர் துப்பாக்கியை எடுத்து நீட்டியிருக்கிறார். டிக் என்றது. மறுபடி டிக். அவ்வளவுதான். வந்தவர்களில் ஒருவன், "என்னடா, திருவிழாக் கடையில வாங்குனியா?" என்று சிரித்தானாம். அப்புறம்தான் வெட்டினார்கள். வைக்கோல் வண்டி ஒன்று வந்து ஆட்கள் சத்தம் போட்டதால் கையை வெட்டினதோடு விட்டுவிட்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் கை எங்கே என்று கேட்கவில்லை. "ஏன் சுடல?" என்று கேட்டார்.

போலீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்ச் சோதனைக்கு அனுப்பியது. அங்கே அவர்கள் அதிலிருந்த தோட்டாக்களைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, துடைத்துச் சுத்தம் செய்து, அவர்களுடைய தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். நல்ல நிலையில் இயங்குகிறது என்று எழுதி வந்துவிட்டது. அதை எங்களிடம் சொன்ன இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "சாரு அந்த நேரத்துல பதட்டத்துல இருந்திருப்பாருங்க. விசைய முழுசா அழுத்தாம விட்ருக்கலாம். யாருக்கும் வர்றதுதான்."

அன்றோடு என் கணவர் முடிந்து போனார். வெட்டுப்பட்ட நாளில்கூட அவர் அப்படி ஆகவில்லை. மில்லுக்குப் போவதை விட்டார். தெருவில் இறங்குவதை விட்டார். இடது கையால் சோறு தின்ன மாட்டேன் என்று அடம்பிடித்ததால் அத்தையே பிசைந்து ஊட்டினார்கள். ஐம்பது வயது தாண்டிய ஆம்பிளை, அம்மா கையைப் பார்த்து வாயைத் திறப்பதை நான் தினமும் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வெறும் காற்றில் இடது கை ஆள்காட்டி விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பார். "இப்படித்தான் அழுத்துனேன். இப்படித்தானே அழுத்தணும்? இல்ல, பாதியிலயே விட்டுட்டேனா?" பாலத்தில் நான் இல்லையே.

அத்தைதான் ஊரோடு மல்லுக்கு நின்றார்கள். எண்பதை எட்டப்போகிற உடம்பு, குரல் மட்டும் மைக் செட். பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சாடையாகப் பேசிவிட்டாள் என்று வாசலில் நின்று, "எம்புள்ள பயந்தாங்கொள்ளியா? ஒம்புருசன் கரப்பான்பூச்சிக்கே கட்டில் மேல ஏறுறவன், நீ பேச வந்துட்டியா?" என்று கிழித்துத் தொங்கவிட்டார்கள். உள்ளே வந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள்.

பங்காளி ஜாமீனில் வெளியே வந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். மில்லை மூடினால் பாங்கிக்காரன் வருவான் என்பதால், காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் மில் என்று நான் ஓட ஆரம்பித்தேன். அதே பாலம். கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி முதலில் ஆள் வந்தது. அப்புறம் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் யாராவது உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்கள். என் ஸ்கூட்டி வந்தால் எழுந்து நிற்பார்கள், மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு. ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை முறுக்குவேன். கோர்ட்டிலிருந்து துப்பாக்கி திரும்பி வந்ததும் லைசென்ஸை என் பேருக்குக் கேட்டேன். தாலுகா ஆபீஸில் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "டீச்சர், ஒங்களுக்கெதுக்குங்க இதெல்லாம்?" என்றார். "கரும்பலகையில மாட்டி வைக்க" என்றேன். அந்த வாயால்தான் அது இன்னும் இழுத்தது.

லைசென்ஸ் கொடுப்பதற்குப் பயிற்சி எடுத்ததாகச் சான்று வேண்டும். அதற்காகத் திருச்சிப் பக்கம் ஒரு ரைஃபிள் கிளப்புக்குச் சனி ஞாயிறுகளில் போய்வந்தேன். சொல்லிக்கொடுத்தவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். லைசென்ஸ் வந்த பிறகும் ஒரு நாள் வரச் சொன்னார். "இனிமேத்தான் மேடம் முக்கியமான வேல. ஒங்க துப்பாக்கிய ஒங்க கையால சுட்டுப் பாக்காம பையில போட்டுக்கிட்டுப் போகாதீங்க. சுடும்னு நெனைக்கிறதும் சுடும்னு தெரியறதும் ஒண்ணு கெடையாது."

அந்த வாக்கியத்தை என் கணவருக்கு யாரும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சோதனை நடந்தது. புதிதாக வாங்கிய தோட்டாக்களைத்தான் முதலில் போட்டேன். ஒவ்வொரு தரம் விசையை இழுக்கும்போதும் டிக் என்று வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் வெடித்தது. மெதுவாக இழுத்தாலும் வெடித்தது, படபடவென்று இழுத்தாலும் வெடித்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. துப்பாக்கி நல்லது என்றால் என் கணவர்தான் பயந்து விட்டுவிட்டார் என்று ஆகிறது. ஊர் சொன்னது உண்மை என்று ஆகிறது. காதை மூடியிருந்த கருவியைக் கழற்றிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"பழைய பெட்டி ஒண்ணு கொண்டாந்திருக்கீங்களே, அதையும் போட்டுப் பாத்துருவோம்" என்றார் பட்டாளத்துக்காரர். "எந்தத் தோட்டாவ வச்சுக்கிட்டுப் போறீங்களோ அதச் சுட்டாத்தான் மேடம் சோதன. துப்பாக்கி மட்டும் நல்லா இருந்து என்ன பண்றது?"

பழைய பெட்டி என் கணவருடையது. அன்றைக்குத் துப்பாக்கியில் போட்டது போக வீட்டில் மிச்சமிருந்தவை. போட்டேன். குறி பார்த்தேன். விசையை இழுத்தேன்.

டிக்.

"எறக்காதீங்க! அப்படியே பிடிங்க, லேட்டா வெடிச்சாலும் வெடிக்கும்!" என்று கத்தினார். நீட்டின கையோடு அப்படியே நின்றேன். வெடிக்கவில்லை. அடுத்தது, டிக். அதற்கடுத்தது ஒன்று வெடித்தது. மறுபடி டிக். என் கணவர் பாலத்தில் கேட்ட சத்தத்தை முதல் தடவையாக நானும் கேட்டேன். இவ்வளவு சின்னச் சத்தமா!

அவர் தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தோட்டாவின் பின்பக்கம் நடுவில் சின்னதாக ஒரு வட்டம் இருக்கும். துப்பாக்கியின் ஊசி அங்கேதான் அடிக்கும். அடித்தால் உள்ளே இருக்கிற துளி மருந்து பற்றி, அது மற்றதைப் பற்றவைக்கும். "ஊசி நல்லா அடிச்சிருக்கு மேடம், பாருங்க, பள்ளம் தெரியுது. உள்ள மருந்துதான் செத்துக் கெடக்கு. எண்ணெய் கிண்ணெய் போட்டீங்களா? எண்ணெய் எறங்குனா ஊறிப் போயிரும். அது சரி, இது என்ன செவப்பா?"

வாங்கிப் பார்த்தேன். அந்தச் சின்ன வட்டத்தைச் சுற்றியிருந்த நூல் பிடித்தாற்போன்ற இடுக்கில் சிவப்பு காய்ந்திருந்தது.

"துருவா இருக்கும்" என்றேன். துரு எப்படி இருக்கும் என்று வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிறவள் நான். அது குங்குமம்.

தஞ்சாவூர் வந்து பஸ் மாறி மன்னார்குடி வருகிற வரைக்கும் என் கண் முன்னால் அந்த ஆயுத பூஜைதான் ஓடியது. பாலத்துச் சம்பவத்துக்கு முந்தின ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அன்றைக்கு இரும்பாகப் பிறந்த எதுவும் தப்பாது. அரிவாள், அரிவாள்மணை, மண்வெட்டி, மில் சாவிக் கொத்து, என் ஸ்கூட்டி, நான் கொண்டுவந்த பரிசோதனைக் குழாய் இடுக்கி உட்பட எல்லாவற்றையும் அத்தை கழுவித் துடைத்து விளக்கெண்ணெய் தடவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். துப்பாக்கி வீட்டுக்கு வந்த பிறகு முதல் பூஜை அது. என் கணவர் பெருமையாக அதை மணையில் வைத்து, தோட்டா போடுகிற சுழல் அறையைத் திறந்து காட்டினார். வட்டமாக ஆறு தோட்டாக்களின் பின்பக்கம் தெரிந்தது.

"அட, ஆறுமுகம் மாதிரியில்ல இருக்கு!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று கிண்ணத்திலிருந்து எண்ணெயை விட்டார்கள். ஒவ்வொன்றின் நடு வட்டத்திலும், வேறெங்கும் இல்லை, சரியாக அந்த வட்டத்தில், சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார்கள். நெற்றி என்றால் பொட்டு நடுவில்தானே. பெட்டியில் இருந்த மிச்சத் தோட்டாக்களைப் பார்த்து, "இதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அவற்றுக்கும் வைத்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்கவேண்டும். மறுநாள் என் கணவர் துணியால் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு மில்லுக்குப் போனார். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்தேன்.

பஸ்ஸில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. அத்தையைத் திட்ட வாய் வந்தது. திட்டினால் எதற்கென்று திட்டுவது? பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வைத்த பொட்டு அது. சாமியைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அத்தை கோயிலுக்குப் போயிருந்தார்கள். இவர் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். "சுட்டுச்சா?" என்றார், திரும்பாமலே.

நான் எதையும் மறைக்கவில்லை. தோட்டாவை அவர் இடது கையில் வைத்து, ஊசி அடித்த பள்ளத்தைக் காட்டினேன். சிவப்பைக் காட்டினேன். எண்ணெயைச் சொன்னேன். அவர் கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினார்.

"அப்ப நான் அழுத்துனேன்."

"அழுத்துனீங்க."

"முழுசா அழுத்துனேன்ல?"

"முழுசாத்தாங்க அழுத்துனீங்க. ரெண்டு தரம் அழுத்துனீங்க. ஊரு நாசமா போவட்டும், நீங்க பயப்படவே இல்ல."

அவர் உடம்பு குலுங்கியது. கை போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மொண்ணையான அந்த வலது கையை என் தோளில் வைத்து அழுதார். எனக்கு ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், எல்லாம் சரியாகிவிட்டதுபோல இருந்தது. நாளைக்கே டீக்கடை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி அந்தத் தோட்டாவை ஒவ்வொருத்தன் மூக்குக்கு முன்னாலும் ஆட்ட வேண்டும் என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "யார்கிட்டயும் சொல்லாத."

"என்னங்க பேசுறீங்க? இத்தன நாளா ஒங்கள..."

"சொன்னா அம்மா காதுக்கு எவ்வளவு நேரத்துல போகும்? எனக்கு ஒரு கைதான் போச்சு. இது தெரிஞ்சா அம்மா அப்புறம் அந்தக் கையால எனக்குச் சோறு ஊட்டுமா? அது வெளக்கு ஏத்துமா? ஒரு வாய் தண்ணி குடிக்குமா? வேண்டாம். நான் பயந்தவனாவே இருந்துட்டுப் போறேன்." தோட்டாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வாசலில் அத்தை செருப்பை உதறுகிற சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சோற்றுக்கு உட்கார்ந்தார்.

புதுத் தோட்டாக்களில் சுட்டது போக மிச்சமிருந்தவை ஆறுதான். இனி அடுத்த வருஷம்தான் வாங்க முடியும். அவற்றைத் துப்பாக்கியில் போட்டுப் பீரோவில் பூட்டி, சாவியை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஸ்டாஃப் ரூமில் வைக்க முடியாது, அதனால் லீவு நாட்களில் மில்லுக்குப் போகும்போது மட்டும் எடுத்துக்கொண்டேன். பாலத்தில் எழுந்து நிற்கிறவர்களை முதல் தடவையாக முகத்துக்கு நேரே பார்த்தேன். இது சுடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

இந்த வருஷ ஆயுத பூஜை வந்தது. போன வருஷம் துப்பாக்கி கோர்ட்டில் இருந்ததால், "அது பூஜை இல்லாம எங்க கெடக்கோ" என்று அத்தை அன்றைக்கு முழுக்கப் புலம்பினார்கள். இந்த வருஷம் விட்டுவிடுவார்களா? நான் அதை யோசிக்காமல் இல்லை. வெறும் துப்பாக்கியை மட்டும் கொடுப்போம், தோட்டாவை வெளியே எடுத்து மறைத்துவிடுவோம் என்றுதான் இருந்தேன். மில்லில் ஆட்களுக்குப் பொரியும் பழமும் கொடுத்துவிட்டு வந்து செய்யலாம் என்று, அன்றைக்கு அதை எடுக்காமல் கிளம்பினேன். அவசரத்தில் கைப்பையையும் வீட்டில் விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தபோது சாமி அறையில் சாம்பிராணிப் புகை. மணையில் எல்லாம் வரிசையாக இருந்தது. அரிவாள், சாவிக் கொத்து, நடுவில் துப்பாக்கி. சுழல் அறை திறந்திருந்தது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா கேட்டுச்சு" என்றார் மெதுவாக. "என்ன காரணம் சொல்லி வேண்டாங்கிறது?"

அத்தை எண்ணெய்க் கிண்ணத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். நிதானமாக, சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு வட்டத்திலும். கண்ணில் நீர் நின்றது.

"அன்னிக்கி அவசரத்துல கொஞ்சமா வச்சுட்டேன்" என்றார்கள். "பொட்டும் சரியா வைக்கல. அதான் அது எம்புள்ளைய கை விட்டுருச்சு. எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல, ஆனா எனக்குத் தெரியும்."

நான் வாயைத் திறந்தேன். என் கணவர் தலையை அசைக்கக்கூட இல்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் மூடிக்கொண்டேன்.

"இந்தத் தடவ நல்லா வைம்மா" என்றார் அவர். அத்தைக்கு வாகாக இருக்கட்டும் என்று துப்பாக்கியை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.

மறுநாள் விஜயதசமி லீவு, காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது அத்தையே அதைத் துணியால் துடைத்து என் கைப்பையில் வைத்துக் கொடுத்தார்கள். என் நெற்றியிலும் திருநீறு வைத்தார்கள். "ரெண்டு தரம் எண்ணெய் விட்டுருக்கேன். இனிமே பயப்படாம போயிட்டு வாம்மா."

"சரிங்கத்தை" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். பாலத்தில் எழுந்து நின்றார்கள்.